வாடைக் காற்றில் ரோஜா: தோட்ட வேலைக்கு வருபவருக்கு ஒரு வழிகாட்டி

குளிர்காலத்தில் ரோஜாவைக் காப்பது எப்படி என்று கேட்டால் ஊட்டிக்காரர் ஒரு பதில் சொல்வார்; கடலோரக் கோடியக்கரைக்காரர் வேறு பதில் சொல்ல வேண்டும். ஊட்டியில் எதிரி உறைபனி. அங்கே அரசு தாவரவியல் பூங்காவில் மென்மையான செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு மூடிக் காப்பாற்றுகிறார்கள். கோடியக்கரையில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். இங்கே ரோஜாவுக்கு வினை மூன்று: வேரில் தேங்கும் மழைநீர், இலையில் படியும் உப்பு, கிளையை முறிக்கும் வாடைக் காற்று. நர்சரி வைப்பவரானாலும், வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் தோட்டம் பராமரிப்பவரானாலும், இந்த மூன்றையும் மாதவாரியாகச் சமாளிக்கத் தெரிய வேண்டும்.

புரட்டாசி: மழைக்கு முன்

தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்துளை அடைத்திருந்தால் குத்தித் திறந்து, உள்ளே ஓர் ஓட்டுச்சில்லை வையுங்கள். தொட்டிக்குக் கீழே உள்ள தட்டுகளை எடுத்துவிடுங்கள். வேர் அழுகாது, கொசுவும் பெருகாது. தொட்டிக் கலவைக்குச் செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சமபங்கு போதும். கடற்கரை மணலைத் தொடாதீர்கள், உப்பு ரோஜாவுக்கு ஆகாது. இலைமக்குக்காகக் கோடிக்காட்டுக்குள் போவதும் கூடாது. அது 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம்.

தரையில் உள்ள செடிகளுக்கு மேட்டுப்பாத்தி கட்டி, வடிகால் வெட்டுங்கள். வடகிழக்குப் பக்கம் கீற்றுத்தட்டி நிறுத்துங்கள். காற்று கொஞ்சம் புகுந்து போகும் தட்டியே நல்லது. கெட்டிச் சுவரில் மோதும் காற்று மேலேறிச் சுழன்று, மறுபக்கச் செடியை உலுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை: மழையும் புயலும்

மழை நாளில் உரம் வேண்டாம், கவாத்தும் வேண்டாம். கடல் காற்று பலமாக அடித்து, மழை இல்லாமல் போனால், மறுநாள் காலை நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவுங்கள். மழைநீரைத் தண்ணீர்த் தொட்டியில் பிடித்து வைத்தால் இதற்கு உதவும்.

புயல் எச்சரிக்கை வந்தால் மாடியில் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் இறக்கி, நெருக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையில் திரும்பும். ஒரு பக்கச் சுவரை மட்டும் நம்பினால் பாதிச் செடி போய்விடும்.

மார்கழி: கவாத்து

சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக் காலம். இந்தக் கரையில் மழை ஓயும்வரை பொறுப்பது நல்லது. ஈர வெட்டுக்காயத்தில்தான் நுனிக்கருகல் தொடங்கும். மழையில்லாத நாளாகப் பார்த்து, வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய முனையில் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பிளாஸ்டிக் வாளியில் கலக்க வேண்டும். உலோகப் பாத்திரம் ஆகாது. அன்றே பயன்படுத்திவிடுங்கள். மார்கழித் தொடக்கத்தில் வெட்டினால் ஆறேழு வாரத்தில், தை முகூர்த்தத்துக்குப் பூ கிடைக்கும்.

தை: பனியும் நோயும்

இலை ஏழு மணி நேரம் போல ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளி நோய் பிடித்துவிடும். ஆகவே காலையில் மட்டும், வேரடியில் மட்டும் தண்ணீர். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். பகலில் வெயிலும் இரவில் பனியுமாக இருந்தால் சாம்பல் நோய் வரும். லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் தெளிக்கலாம். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும்.

தொழிலாகச் செய்பவருக்கு

பராமரிப்புக் கூலியை ஐப்பசி பிறக்கும் முன்பே பேசி முடியுங்கள். புயலில் போகும் செடிக்கு யார் பொறுப்பு என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் செடிக்கு எந்த நாளில் வெட்டு, என்ன மருந்து என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்; அடுத்த வீட்டில் வேலை கேட்கும்போது அந்த நோட்டே சிபாரிசு. அடைமழையில் புது ஒட்டுச்செடி விற்காதீர்கள். மருந்தடிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கிணற்று நீரில் உப்பு எவ்வளவு என்ற சந்தேகம் இருந்தால் நாகப்பட்டினம் அருகே சிக்கலில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள்.

டொராண்டோ போன்ற உறைகுளிர் ஊர்களுக்கு வேலைக்குப் போனால் பாடம் வேறு: ஒட்டுக்கட்டிய இடம் மூடும்படி ஓரடி உயரம் மண் அணைப்பார்கள், தொட்டியைச் சூடேற்றாத கொட்டகைக்குள் வைப்பார்கள். எந்த ஊரானாலும் முதலில் கேளுங்கள்: இங்கே செடியைக் கொல்வது எது? அதற்கு விடை தெரிந்தவருக்கு வேலை நிலைக்கும்.