சாதியும் மரபணுவும்

கேள்வி: சாதிவாரியாக இரத்தம் எடுத்து மரபணுவை ஆராய்வது, சாதிக்கு அறிவியல் முத்திரை குத்துவது ஆகாதா? (வாசகர், வடக்கனந்தல்)

பதில்: நியாயமான அச்சம்தான். ஆனால் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் செய்த ஆய்வுகள் எதிர்த்திசையில் போகின்றன. 2005இல் அந்தமான் பழங்குடியினரின் தாய்வழி மரபை ஆராய்ந்தவர் அவர். 2009இல் லால்ஜி சிங், டேவிட் ரெய்க் ஆகியோருடன் 25 இந்தியக் குழுக்களை ஒப்பிட்டபோது, பெருநிலத்தில் ஏறக்குறைய எல்லோரும் இரண்டு பழைய மரபுகளின் கலவை என்று தெரிந்தது; விகிதம்தான் மாறுகிறது. 2013 ஆய்வு, அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நடந்ததாகக் கணித்தது. அகமணம் இறுகியது அதற்குப் பிறகு. ஆக, 'தூய இரத்தம்' பேசுவோருக்கு இதில் ஆறுதல் ஏதுமில்லை.

அப்படியானால் குழுவின் பெயர் எதற்கு என்று கேட்கலாம். மருத்துவத்துக்கு. சிலரே மூதாதையராக இருந்து, சந்ததி உள்ளுக்குள்ளேயே மணந்துகொண்டால், அவர்களில் ஒருவரிடம் இருந்த அரிய மரபணுக் குறை பெருகிவிடும். ஆந்திர வைசியரிடம் பியூட்டிரைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதிக் குறை மற்றவர்களைவிடச் சுமார் 100 மடங்கு அதிகம். அறுவைச் சிகிச்சையில் தரும் சில தசைத் தளர்வு மருந்துகள் இந்தக் குறை உள்ளவர்கள் உடலில் எளிதில் சிதைவதில்லை. மூச்சுத் தசைகள் நெடுநேரம் இயங்காமல் போகலாம். முன்பே தெரிந்தால் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்வார். இதில் உயர்வு தாழ்வு எங்கே வந்தது? வசதியான வணிகச் சமூகத்துக்கு நேர்ந்தது, உங்கள் ஊருக்கு மேலே கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் நேர்ந்திருக்கலாம், சோதித்தால்தான் தெரியும். சோதிப்பவர்கள் மக்களின் சம்மதத்தோடு தொடங்கி, முடிவை அவர்களிடமே திரும்பக் கொண்டுவர வேண்டும்.