இழையைச் சுட்டால் படம் தெளியுமா?

களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் போகும் சாலையில், நகருக்குச் சற்று முன்னால் பாப்பனங்கோடு வருகிறது. அங்குள்ள மத்திய அரசின் என்ஐஐஎஸ்டி (NIIST) ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் உண்டு. எல்லையோர ஊர்களிலிருந்து இத்துறைக்கு வரும் பிள்ளைகளின் காதில், முதல் வாரத்திலேயே யாராவது ஒரு யோசனையைப் போட்டுவிடுகிறார்கள்: “படம் மங்கினால் ஃபிலமென்ட் சூட்டைக் கூட்டு.”

இதைச் சொல்லிக்கொடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

சூடு ஏறினால் ஃபிலமென்ட் எனப்படும் டங்ஸ்டன் இழை அதிக எலக்ட்ரான்களை உமிழும் என்பது உண்மைதான். ஆனால் கருவிக்குள் இழை தனியாக இல்லை. அதைச் சூழ்ந்து வேனெல்ட் மூடி எதிர் மின்னழுத்தத்தோடு நிற்கிறது. உமிழ்வு கூடும்போது அந்த எதிரழுத்தமும் தானே கூடி, மிகுதி எலக்ட்ரான்களைத் தடுத்துவிடுகிறது. ஆகவே ஒரு கட்டத்துக்குமேல் குமிழை எவ்வளவு திருப்பினாலும் கற்றை மின்னோட்டம் ஏறாது. அதுதான் தெவிட்டு நிலை.

ஏறுவது தேய்மானம் ஒன்றே. டங்ஸ்டன் இழை சுமார் 2,700 கெல்வினில் ஒளிர்கிறது. அந்த அளவில் இன்னும் ஒரு 50 கெல்வின் கூட்டினால் உலோகம் ஆவியாகும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 100 மணி நேரம் அளவுக்கு உழைக்கும் இழை பாதியிலேயே அறுந்துபோகும். உடனே “மட்டமான இழை” என்று பழி!

குறைத்து வைப்பதும் தப்புதான். தெவிட்டு நிலைக்கு முன்னால் ஒரு பொய்ச் சிகரம் வரும். வெளிச்சம் ஏறி, சற்று இறங்கி, மறுபடி ஏறும். அதை உண்மையென நம்பி அங்கேயே நின்றுவிட்டால், சூட்டின் சிறு அசைவும் படத்தில் தெரியும். பொய்ச் சிகரத்தைக் கடந்து, சமதளம் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

சூடாக்கும் பழக்கத்துக்கு நியாயமுள்ள இடம் ஒன்று உண்டு. 1970-இல் சிகாகோவில் ஆல்பர்ட் குரூவும் குழுவினரும் தோரியம் அணுக்களைத் தனித்தனியாகக் கண்டது குளிர்ந்த புல உமிழ்வு முனையால். அதன்மேல் வாயு மூலக்கூறுகள் படிந்தால் உமிழ்வு சரியும். சில நொடி சூடாக்கினால் முனை சுத்தமாகும். அதை எல்லாக் கருவிக்கும் பொருத்துவது அறியாமை.

“ஸ்டெபிலைசர் போட்டால் போதும்” என்பது இன்னொரு யோசனை. மின்சாரம் சீராக இருப்பது நல்லதே; ஆனால் வெற்றிடம் கெட்டிருந்தால் அது உதவாது. டங்ஸ்டன் இழைக்குப் பதிலாகப் பயன்படும் லாந்தனம் ஹெக்ஸாபோரைடு படிகம் சுமார் 1,800 கெல்வினிலேயே நன்றாக உமிழும். ஆனால் ஈரமும் ஆக்சிஜனும் அதன் மேற்பரப்பைக் கெடுத்துவிடும். சட்டென்று சூடாக்கினால் விரிசல் விழும். இடவப்பாதி, துலாவர்ஷம் என இரண்டு மழைக்காலம் காணும் இந்தப் பகுதியில், எலக்ட்ரான் துப்பாக்கிப் பகுதியை அறைக்காற்றை உள்ளே விட்டுத் திறக்கக் கூடாது. படிகம் ஆறிய பிறகு உலர்ந்த நைட்ரஜனை நிரப்பித்தான் திறக்க வேண்டும்.

லாந்தனம் மோனசைட் மணலிலிருந்து வருவதால் அந்த முனையும் கதிர்வீசும் என்ற பயம் வீண். மணலில் கதிர்வீசுவது தோரியம், அதைப் பிரித்துவிடுகிறார்கள்.

அந்த மணல் இங்கே புதிதல்ல. 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் திருவிதாங்கூர்க் கரையில் மோனசைட்டை அடையாளம் கண்டார். இன்றும் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் அந்த மணலைப் பிரிக்கிறது. லாந்தனத்தைக் கொடுக்கும் மண் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, உமிழ்வுப் படிகம் வளர்க்கும் பயிற்சியும் இந்த வட்டாரக் கல்லூரிகளுக்கு வர வேண்டும். அதுவரை ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் ஒரு நோட்டு இருக்கட்டும்: தேதி, இழை மின்னோட்டம், வெற்றிட அளவு, எரிந்த மணி நேரம்.