நேம் பிளேட் பார்க்காமல் வாங்கிய ஐ7

கம்பெனியில் ஒரு மோட்டார் எரிந்துபோய் புதுசுக்கு இண்டென்ட் போட வேண்டும் என்றால், நான் முதலில் துணியால் துடைத்துப் பார்ப்பது பழைய மோட்டாரின் நேம் பிளேட்டை. எத்தனை கிலோவாட், எத்தனை ஆர்பிஎம், டியூட்டி எஸ்1-ஆ எஸ்2-ஆ? எஸ்1 என்றால் அந்தச் சுமையை நாள் முழுக்க இழுக்கும். எஸ்2 என்றால் பத்து நிமிஷமோ அரை மணியோ ஓடிவிட்டு ஆற வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் குருபரப்பள்ளிப் பக்கம் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிற எவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லுவான். அப்படிப்பட்ட நான்தான் 2022 தீபாவளி போனஸோடு கையிருப்பையும் சேர்த்து, 72 ஆயிரம் ரூபாய்க்கு, ஸ்டிக்கரை மட்டும் பார்த்து ஒரு லேப்டாப் வாங்கி வந்தேன்.

வாங்கியது பெங்களூர் எஸ்.பி. ரோட்டில். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு கம்ப்யூட்டர் சாமான் என்றாலே ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் ஒரு தூக்கம் போட்டு அங்கே போய் இறங்குவதுதான் பழக்கம். தமிழும் கன்னடமும் இந்தியும் கலந்து பேசிய கடைக்காரர், "ஐ செவன் சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். "கேம் ஓடுமா?" என்றேன். "ஓடும் சார்." அவர் பொய் சொல்லவில்லை. ஓடியது. எவ்வளவு நேரம் ஓடும் என்று நான்தான் கேட்கவில்லை.

செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, மொட்டை மாடி ரூமில் தம்பியோடு வேலரண்ட் கேம் போட்டால் முதல் ஒரு நிமிஷம் 90 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 90 காட்சி, காட்டும். அப்புறம் 60. அப்புறம் 45. சரியாக எதிராளி மூலையில் தலை காட்டும் நேரத்தில் படம் உறையும். தம்பி என்னைப் பார்ப்பான், நான் ரவுட்டரைப் பார்ப்பேன். இரண்டு வாரம் ஏர்டெல்லா ஜியோவா என்று ஆராய்ச்சி செய்தோம். நெட் மேல் குற்றமே இல்லை.

ஒரு நாள் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போது பிராசஸர் எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்த்தேன். தொடக்கத்தில் 40 வாட்டுக்கு மேல். கொஞ்ச நேரத்தில் 15க்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் நேம் பிளேட்டைத் தேடினேன். என் சில்லு ஐ7 1255யூ. இன்டெல் தன் விவரப் பக்கத்தில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது: அடிப்படை மின்திறன் 15 வாட், உச்சம் 55 வாட். என் பாஷையில் சொன்னால் 15 வாட் எஸ்1, 55 வாட் எஸ்2. பத்து கோர் என்று பெருமையாகச் சொன்னார்களே, அதில் வேகக் கோர் இரண்டுதான். மீதி எட்டும் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற சிறிய கோர்கள். சில்லு மேல் தப்பில்லை. எக்செல்லுக்குச் செய்ததை நான் விளையாட்டுக்குக் கட்டி இழுத்தேன்.

இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐ5, ஐ7 என்ற எண்ணைவிடக் கடைசி எழுத்து முக்கியம். யூ என்றால் 15 வாட் வகை. எச் என்றால் பொதுவாக 45 வாட். எச்எக்ஸ் என்றால் 55 வாட், டெஸ்க்டாப் சில்லின் தம்பி. கூடவே பெரிய ஃபேனும் கனமான உடம்பும் வரும். கொடுமை என்னவென்றால், லேப்டாப் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இந்த எழுத்து இருக்காது. 'கோர் ஐ7' என்பதோடு நின்றுவிடும். பில் போடும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து முழுப் பெயரைப் படியுங்கள். 2023 டிசம்பரில் கோர் அல்ட்ரா வந்தபோது இன்டெல் அந்த 'ஐ'யைக் கழற்றிவிட்டது. எழுத்தைக் கழற்றவில்லை. அல்ட்ரா 7 155எச் வேறு, 155யூ வேறு.

எழுத்து மட்டும் போதுமா என்றால், போதாது. ஐ7 11370எச் என்று ஒன்று உண்டு. எச் இருக்கிறது, ஐ7 இருக்கிறது; மொத்தமே நான்கு கோர். அடுத்த தலைமுறை ஐ5 12450எச்சில் நான்கு வேகக் கோரும் நான்கு சிறிய கோரும் உண்டு. பழைய அண்ணனைவிடப் புதுத் தம்பி தேவலாம்.

ஏஎம்டி பக்கம் வேறு கூத்து. 2023இல் கொண்டுவந்த எண் முறையில் முதல் இலக்கம் வருஷத்தைச் சொல்லும், மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். ரைசன் 5 7520யூவில் மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2, பழைய சரக்கு. ரைசன் 5 7640எச்எஸ்ஸில் அது 4, ஜென் 4. இரண்டும் 'ரைசன் 5 ஏழாயிரம் சீரிஸ்' என்று ஒரே அலமாரியில் நிற்கும். ரைசன் 7 7435எச்எஸ் விளையாட்டுக்கு நல்ல சில்லு, எட்டு கோர், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அதில் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. வெறும் பாட்டு கேட்டாலும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு விழித்தே இருக்க வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். காலேஜுக்குத் தூக்கிப்போகிற பிள்ளைக்கு அதை வாங்கித் தராதீர்கள்.

2024 பொங்கல் கழித்து அடுத்த லேப்டாப் தேடியபோது கடையில் இரண்டு இருந்தன. ஒன்றில் ஐ7 13620எச்சும் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டும். இன்னொன்றில் ஐ5 12450எச்சும் ஆர்டிஎக்ஸ் 4050 கார்டும். விலை வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம். தம்பி முதலாவதைக் காட்டி, "அண்ணா, ஐ7 புது ஜெனரேஷன்ணா" என்றான். சூடு பட்ட பூனை நான்; இந்த முறை கம்பெனிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

அசெம்பிளி லைனில் பத்து ஸ்டேஷன் இருந்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் வெளியே வரும் என்பதை முடிவு செய்வது ரொம்ப மெதுவான ஸ்டேஷன். மற்ற ஒன்பதுக்கும் புது மெஷின் போட்டாலும் அதே எண்ணிக்கைதான் வரும். கேமிலும் அப்படியே. ஒவ்வொரு காட்சிக்கும் கணக்குப் போடுவது பிராசஸர், வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரியான போட்டி விளையாட்டுகளைக் குறைந்த செட்டிங்கில் 144, 200 எஃப்பிஎஸ்ஸுக்கு ஓட்டும்போது வரைகிற வேலை லேசு, பிராசஸர்தான் திணறும். ஃபோர்சா ஹொரைசன் மாதிரி கண்ணுக்கு விருந்தாக ஓடுவதில் கார்டுதான் பெரும்பாலும் மெதுவான ஸ்டேஷன். உங்கள் மெஷினில் எது தடுக்கிறது என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. ரெசல்யூஷனை இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் தடை கார்டில். ஏறவே இல்லையென்றால் பிராசஸரில். என் முதல் லேப்டாப்பில் 720க்கு இறக்கியும் ஒன்றும் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு வகையும் ஆடுவோம். வேலரண்டுக்கு எட்டுக் கோர் 12450எச் போதும். மிச்சப் பணம் கார்டுக்குப் போகட்டும் என்று இரண்டாவதை எடுத்தேன். இரண்டு வருஷம் கழித்தும் என் முடிவு இதுதான்: ஒரு லட்சத்துக்குக் கீழே வாங்குகிறவர் எச் வகையில் ஆறு அல்லது எட்டு கோரோடு நின்று, மீதியைக் கிராஃபிக்ஸில் போட வேண்டும். பிராசஸர், கார்டு இரண்டுமே போர்டில் பற்றவைத்து வருகிறவை, பிறகு மாற்ற முடியாது. ரேமும் எஸ்எஸ்டியும் பெரும்பாலான கேமிங் லேப்டாப்பில் மாற்றலாம். எனக்கு 8 ஜிபி ஒற்றைக் குச்சியோடு வந்தது. மறு மாதமே இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சொருகினேன். வேலரண்டில் அடிக்கடி வந்த திக்கல் அன்றோடு நின்றது. ஒற்றை ரேமில் பிராசஸர் ஒற்றைக் கையால் சாப்பாடு பரிமாறுகிறது. ஐ7க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைவிட இந்தச் செலவு அதிகம் செய்யும்.

இனி சூடு. பெங்களூரில் ஏசி ரூமில் எடுத்த விமர்சன வீடியோவை நம்பி வாங்கிவிட்டு, மே மாதம் கிருஷ்ணகிரி வெயிலில் மொட்டை மாடி ரூமில் ஓட்டினால் கணக்கு தப்பும். என் பிராசஸர் ஒரு மதியம் 97 டிகிரியைத் தொட்டது. இந்த இன்டெல் சில்லுகள் 100 டிகிரியில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்து போகாது. பின்பக்கம் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்ததில் ஐந்தாறு டிகிரி இறங்கியது. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 என்று வைத்தால் டர்போ நின்றுவிடும். சூடு சட்டென்று இறங்கும். ஆனால் 12450எச்சின் வேகக் கோர் அடிப்படை வேகமான 2 கிகாஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், வேலரண்டில் அது நன்றாகவே தெரியும். ஃபோர்சாவில் அவ்வளவு தெரியவில்லை. கோடைக்கு மட்டும் அப்படி வைப்பேன்.

தூசி இன்னொரு சத்துரு. தேசிய நெடுஞ்சாலை 44இன் ஓரத்தில் குடியிருப்பவனுக்கு கிரானைட் லாரிகளின் புண்ணியத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபேனைத் திறந்து ஊத வேண்டியிருக்கிறது. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போகும். இன்னொரு வேடிக்கை: பவர் சப்ளைக்கும் ஃபேனுக்கும் உலகப் பெயர் பெற்ற தைவானின் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் எங்கள் ஊரிலேயே ஆலை வைத்திருக்கிறது. மறுபக்கம் பெங்களூரில் இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் பெரிய வடிவமைப்பு மையங்கள் இருக்கின்றன. நடுவில் உட்கார்ந்துகொண்டு ஸ்டிக்கரைப் பார்த்து லேப்டாப் வாங்கியவன் நான்.

கரண்ட் போனால் ஆட்டம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸரும் கார்டும் சேர்ந்து நூறு வாட்டுக்கு மேல் கேட்கும். பேட்டரியால் அதைத் தர முடியாது, எஃப்பிஎஸ் பாதிக்கு வந்துவிடும். கடையில் அடாப்டரைக் கையில் வாங்கி எழுத்தைப் படியுங்கள். 65 வாட் என்று போட்டிருந்தால், பெட்டி மேல் கேமிங் என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும், அந்த லேப்டாப்பை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அந்தப் பழைய ஐ7 இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது. டேலி, பிள்ளைகளின் ஆன்லைன் பாடம், சீரியல். பேட்டரி ஐந்து மணி நேரம் நிற்கிறது. ஃபேன் சத்தத்தையே கேட்டதில்லை என்கிறாள்.