வைஃபை பதிவேட்டைப் படிப்பது எப்படி?

பள்ளிக்குள் வைஃபை வந்ததும், யார் எப்போது இணைந்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் கொடுத்த பள்ளியில் இதற்குப் பதில் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயர் கொடுத்து, அதைச் சரிபார்க்க ஒரு சர்வர் வைத்தால்தான் பதிவேடு உண்டாகும். எங்கள் ஆய்வகத்தின் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, இலவச மென்பொருளான ஃப்ரீரேடியஸை இதற்குப் பயன்படுத்துகிறேன்.

வைஃபை பெட்டி இந்தச் சர்வரிடம் இரண்டு வழிகளில் பேசும். 1812 என்ற போர்ட்டில் "இவரை உள்ளே விடலாமா?" என்று கேட்கும். 1813 போர்ட்டில் "இவர் வந்தார், போனார்" என்று கணக்குச் சொல்லும். முதலாவதை மட்டும் அமைத்தாலே வைஃபை ஓடத் தொடங்கிவிடும் என்பதால் பலர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். கணக்கு அட்டவணை காலியாகவே கிடக்கும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 'அக்கவுன்டிங்' பகுதியைத் தேடி, சர்வரின் முகவரியை அங்கும் எழுத வேண்டும். இடைத்தகவல் அனுப்பும் வசதி இருந்தால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள்.

சர்வரின் முதன்மை அமைப்புக் கோப்பில் 'லாக்' என்றொரு பகுதி உண்டு. அதில் 'ஆத்' என்ற வரி 'நோ' என்றே வரும். அதை 'யெஸ்' ஆக்கினால்தான் அனுமதித்ததும் மறுத்ததும் பதிவாகும். அதன் அருகிலேயே கடவுச்சொல்லையும் சேர்த்துப் பதியும் இரண்டு வரிகள் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். மாணவர் தவறாகத் தட்டிய கடவுச்சொல் பெரும்பாலும் சரியானதிலிருந்து ஓரெழுத்துதான் மாறியிருக்கும்.

கணக்கை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் சேமித்தால் அறிக்கை எடுப்பது எளிது. பயனர்பெயர், கருவியின் முகவரி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முடிந்த காரணம் எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும். பார்த்த இணையப் பக்கம் அதில் இருக்காது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: வகுப்பு வருகைப் பதிவேட்டில் பையன் என்ன படித்தான் என்று இருக்கிறதா?

சென்ற ஆண்டு உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் அறிக்கைத்தாளுடன் வந்தார். "இந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் நேத்து சாயங்காலம் 4:10லிருந்து இன்னைக்குக் காலை 9:05 வரைக்கும் வைஃபைலயே இருந்திருக்கான் சார். அப்பாவை வரச் சொல்லட்டுமா?"

"கடைசிப் பத்தியில என்ன போட்டிருக்கு, பாருங்க டீச்சர்" என்றேன்.

'நாஸ் ரீபூட்' என்றிருந்தது. முந்தைய நாள் மாலை மின்சாரம் நின்றபோது பெட்டியும் அணைந்தது. "போனார்" என்ற செய்தியை அதனால் அனுப்ப முடியவில்லை. காலையில் மின்சாரம் வந்ததும் பெட்டி "நான் புதிதாகத் தொடங்கினேன்" என்று சொல்ல, திறந்திருந்த கணக்குகளை எல்லாம் சர்வர் அந்த நேரத்திலேயே முடித்துவிட்டது. அந்த மாலையில் இணைப்பில் இருந்த 14 பேருக்கும் அதே 9:05தான். கடைசி இடைத்தகவல் 4:20க்கு வந்திருந்தது. அப்பாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அதன்பின் வாராந்திர அறிக்கையில் இத்தகைய வரிசைகளைத் தனியே பிரித்துவிடுகிறேன். ஒரே பெயர் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளில் இருப்பதும், ஒரே பெயருக்குத் தொடர்ந்து மறுப்பு வருவதும் அறிக்கையில் இருக்கும். முதலாவது பெரும்பாலும் கடவுச்சொல்லைப் பகிர்ந்ததைக் காட்டும். இரண்டாவது பெரும்பாலும் மறந்ததைக் காட்டும். புதிய கைப்பேசிகள் உண்மையான கருவி முகவரிக்குப் பதில் தற்காலிக முகவரி ஒன்றைக் கொடுப்பதால், முகவரியை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது.

சர்வரின் கடிகாரத்தையும் கவனியுங்கள். பழைய கணினியில் சீமாஸ் பேட்டரி தீர்ந்திருந்தால், மின்தடைக்குப் பின் தேதியே பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேசிய தகவலியல் மையத்தின் நேரச் சர்வருடன் இணைத்துவிட்டால் தானாகத் திருத்திக்கொள்ளும். கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன் 28.04.2022 அன்று வெளியிட்ட நெறிமுறை இதைத்தான் கேட்கிறது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. கோப்பு சுழற்சியை அந்தக் கணக்கில் அமைத்து, திறக்கும் உரிமையைத் தலைமையாசிரியர், ஆய்வகப் பொறுப்பாளர் இருவருக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம்.