படலமும் படமும்: பெயர் யாருக்கு?

ஃபிலிம் என்று சொன்னால் தாம்பரம் பக்கம் இருக்கிற நமக்கு முதலில் ஞாபகம் வருவது தியேட்டர்தான். வேதியியல் லேபில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம்: தண்ணீர் மேல் பரவி நிற்கும் மெல்லிய படலம். இந்தக் கட்டுரை இரண்டைப் பற்றியும்தான். முதலில் லிப்பிட் படலம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். அடுத்து, அதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் எப்படி அச்சானது என்பது. அப்புறம் சினிமா டைட்டில் கார்டு. கடைசியில் உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ஒருத்தர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுத, அஞ்சு பேர் பெயரோட பேப்பர் போகிற கதை உங்களுக்கும் தெரியும்தானே?

தேங்காய் எண்ணெயில் ஆரம்பிப்போம்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். ஏன்? தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் அதிகம். அவற்றின் வால்கள் நேராக இருப்பதால் நெருக்கமாக அடுங்கிக்கொள்ளும். நல்லெண்ணெயில் நிறைவுறாதவை அதிகம். இரட்டைப் பிணைப்பு இருக்கிற இடத்தில் வால் வளைந்துவிடும். வளைந்த குச்சிகளை நெருக்கமாகக் கட்ட முடியாது இல்லையா, அதே கதைதான்.

நம் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வும் இப்படித்தான். அதில் முக்கியமானது பாஸ்போலிப்பிட். அதற்கு ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால்களுக்குப் பிடிக்காது. தண்ணீரில் விட்டால் வால்கள் உள்பக்கம் ஒளிந்துகொள்ள, தலைகள் இரண்டு பக்கமும் வெளியே நிற்க, தானாகவே ஓர் இரட்டை அடுக்கு உருவாகும். மொத்தத் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர். மழை நின்றதும் ஜி.எஸ்.டி. ரோட்டில் தேங்கிய தண்ணீர் மேல் பெட்ரோல் வானவில் தெரியுமே, அந்தப் படலம் பல நூறு நானோமீட்டர் இருக்கும். சவ்வு அதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மெல்லியது. அதனால் அதில் வானவில் நிறம் தெரியாது.

இந்தச் சவ்வு ஒரு தட்டையான திரவம். ஒரு லிப்பிட் மூலக்கூறு தன் அடுக்குக்குள் பக்கவாட்டில் ஒரே விநாடியில் சுமார் 2 மைக்ரோமீட்டர் போய்விடும், அதாவது ஒரு பாக்டீரியாவின் நீளம். ஆனால் மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குக் குட்டிக்கரணம் போட, உதவிக்கு ஒரு புரதம் இல்லாவிட்டால், மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். தண்ணீர் பிடிக்கிற தலையை எண்ணெய் போன்ற நடுப்பகுதி வழியாக இழுத்துப் போக வேண்டியிருப்பதுதான் காரணம்.

வெப்பநிலையும் முக்கியம். டிபிபிசி என்ற லிப்பிட்டுக்கு இரண்டு வால்களும் நிறைவுற்றவை, ஒவ்வொன்றிலும் 16 கார்பன். அது சுமார் 41 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஜெல், மேலே திரவம். அக்னி நட்சத்திரத்தில் மீனம்பாக்கத்தில் பதிவாகிற வெப்பம்தான். அதே அமைப்பில் ஒவ்வொரு வாலிலும் 18 கார்பன், ஓர் இரட்டைப் பிணைப்பு என்று மாற்றினால் (டிஓபிசி), அந்தப் புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 17 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரு வளைவு செய்கிற வேலையைப் பாருங்க.

சமையலறையிலிருந்து வந்த பேப்பர்

இந்தப் படலங்களை அளக்கும் கருவியின் கதை ஜெர்மனியில், பிரவுன்ஷ்வைக் நகரத்து வீடு ஒன்றில் ஆரம்பிக்கிறது. ஆக்னஸ் பாக்கல்ஸ் 1862-ல் பிறந்தவர். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வீட்டு வேலைக்கு நடுவில், ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை நகர்த்தி, மேலே இருக்கும் அழுக்குப் படலத்தை நெருக்கினால் பரப்பு இழுவிசை எப்படி மாறுகிறது என்று அளந்தார். 1891 ஜனவரியில் தன் முடிவுகளைக் கடிதமாக எழுதி இங்கிலாந்தில் இருந்த ராலே பிரபுவுக்கு அனுப்பினார்.

ராலே அப்போது அதே விஷயத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். கடிதத்தில் இருந்ததைத் தன் பேப்பருக்குள் சேர்த்துக்கொண்டு, கீழே ஒரு வரி நன்றி போட்டு முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நேச்சர் இதழுக்கு அனுப்பினார். 1891 மார்ச்சில் அது பாக்கல்ஸின் பெயரிலேயே வந்தது.

இர்விங் லாங்மியூர் 1917-ல் அந்தத் தொட்டி முறையை மேம்படுத்தினார். 1932-ல் பரப்பு வேதியியலுக்காக நோபல் பரிசும் பெற்றார். இன்று கருவியின் பெயர் லாங்மியூர் தொட்டி. வழக்கில் இருக்கும் பெயர் சுருக்கப் பெயர்தான். யார் என்ன செய்தார்கள் என்ற பதிவு அச்சான பேப்பரில்தான் இருக்கிறது.

நம்ம சென்னையிலேயே உதாரணம் உண்டு. பயோடெக் படிக்கிற எல்லாருக்கும் ராமச்சந்திரன் வரைபடம் தெரியும். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அந்தப் பேப்பரில் மூன்று பெயர்கள்: ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். வரைபடத்தின் பெயரில் ஒருவர்தான் மிஞ்சினார். ஆனாலும் பேப்பரைத் திறந்தால் மூவரும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலே தப்பாகப் போயிருந்தால், பின்னால் வருபவர் எதை வைத்துத் திருத்துவார்?

பெயர் என்றால் பொறுப்பும்தான்

1925-ல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு டச்சு விஞ்ஞானிகள் சிவப்பணுக்களின் லிப்பிட்டை அசிட்டோனால் பிரித்தெடுத்து, தொட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அதன் பரப்பு, செல்களின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. எனவே சவ்வு இரட்டை அடுக்கு என்றார்கள். முடிவு சரி. வேடிக்கை என்னவென்றால் அளவீட்டில் இரண்டு பிழைகள். அசிட்டோன் முழு லிப்பிட்டையும் எடுக்கவில்லை. செல்லின் பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன.

இது எப்படித் தெரிந்தது? என்ன கரைப்பான், எப்படி அளந்தோம் என்று அவர்கள் பெயரைப் போட்டு எழுதி வைத்ததால்தான். 1960-களில் மறுபடி செய்து பார்த்தவர்களால் பிழையைப் பிடிக்க முடிந்தது. பேப்பரில் பெயர் போடுவது என்றால், கேள்வி வந்தால் நான் பதில் சொல்கிறேன் என்று அர்த்தம்.

இப்போ சினிமா

ஒரு படத்தின் ஆசிரியர் யார்? நாம் இயக்குநர் என்போம். சட்டம் வேறு சொல்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர். பாட்டுக்கும் இசைக்கும் தனித்தனி ஆசிரியர்கள் உண்டு. 2012 திருத்தம் வந்த பிறகுதான் பாடலாசிரியர், இசையமைப்பாளர் போன்றவர்களின் ராயல்டி பங்கை எழுதி வாங்கிவிட முடியாது என்று ஆனது.

ஆனால் டைட்டில் கார்டு சட்டத்தைவிட நுணுக்கமானது. கதை, திரைக்கதை, வசனம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று யார் எதைச் செய்தார் என்பதைப் பிரித்துச் சொல்லும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த எஸ். ரங்கராஜனை எடுத்துக்கொள்ளுங்க. ரோஜா (1992) படத்தில் வசனம் சுஜாதா என்று வரும். அவரே பெல் நிறுவனத்தில் மின்னணு வாக்கு இயந்திர உருவாக்கத்திலும் பங்கு வகித்தார். அந்த இயந்திரத்துக்கு டைட்டில் கார்டு கிடையாது. இன்ஜினியரிங் வேலை பெரும்பாலும் அப்படித்தான், பெயர் இல்லாமல் ஓடும்.

கார்டு தானாக வந்துவிடாது என்பதையும் சினிமா சொல்லித்தரும். 2018-ல் சர்கார் வெளியாகும் முன், கதை தன்னுடையதை ஒத்திருக்கிறது என்று வருண் ராஜேந்திரன் புகார் செய்தார். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் அவர் முன்பே பதிவு செய்து வைத்திருந்தார். விஷயம் உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்து, படத்தில் அவர் பெயரும் வந்தது. அவர் கையில் இருந்தது தேதியோடு கூடிய ஒரு பதிவு.

ஆக, ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: உரிமை யாருக்கு, உழைப்பு யாருடையது, பொறுப்பு யாருடையது. சட்டம் முதலாவதைப் பார்க்கிறது, டைட்டில் கார்டு இரண்டாவதை, பேப்பர் மூன்றாவதை. ஆராய்ச்சி இதழ்கள் இப்போது சினிமாவிடமிருந்து பாடம் கற்ற மாதிரி, பல இடங்களில் 14 வகைப் பங்களிப்புகளைக் கொண்ட ஒரு பட்டியலைப் பயன்படுத்துகின்றன: கருத்துரு, மென்பொருள், தரவு, முதல் வரைவு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர்.

உங்க ப்ராஜெக்ட்டுக்கு

1. முதல் வாரமே உட்கார்ந்து யாருக்கு எந்த வேலை என்று ஒரு பக்கம் எழுதுங்க. தேதி போடுங்க. வேலை மாறினால் பக்கத்தையும் மாற்றுங்க.

2. பேப்பர் போடுவதாக இருந்தால், மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்வதை அளவுகோலாக வைக்கலாம்: உண்மையான பங்களிப்பு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழு வேலைக்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும். பணம் தந்தது, லேப் தந்தது மட்டும் போதாது, அவர்களுக்கு நன்றிப் பகுதி இருக்கிறது.

3. ஏஐ கருவியை ஆசிரியராகப் போட முடியாது, அதனால் பொறுப்பேற்க முடியாது. பயன்படுத்தினால் அதைச் சொல்லிவிடுங்க.

4. வைவாவில் "இந்த கிராஃப் யார் போட்டது?" என்று கேட்டால் டீமில் யாராவது ஒருத்தர் உடனே கையைத் தூக்க முடிகிறதா? ரிப்போர்ட் பைண்டிங் போகும் முன் ஒவ்வொரு படத்துக்கும், ஒவ்வொரு டேபிளுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. கை எழாத பக்கத்தை மறுபடி செய்யுங்க. கை எழுகிற பெயர் அட்டையில் இல்லையென்றால், அதைச் சேர்த்துவிட்டு பிரிண்டுக்குக் கொடுங்க.