அயல்நாட்டுச் சேமிப்பின் வட்டியும் வருமான வரியும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கி வருவோர்க்குப் பொம்மையார்பாளையம் அறிமுகமான ஊர். இக்கடற்கரையிலும், திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளில் உள்ள நம் ஊர்களிலும் மக்களை அயல்நாட்டுப் பணிக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. ‘வெளிநாட்டுப் பணத்தின் வட்டிக்கு வரியே இல்லை’ என்று பலரும் நம்புகின்றனர். அது பாதி உண்மையே. மறுபாதியை அறிதல் நம் கடமை.

பொம்மையார்பாளையத்தில் வீடும் துபாயில் பணியும் உடைய ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கு ஈட்டி அனுப்பிய 10 இலட்சம் ரூபாயை என்.ஆர்.இ. கணக்கில் வைப்பாக இட்டுள்ளார். ஊரிலுள்ள வீட்டு வாடகையைச் சேர்த்து என்.ஆர்.ஓ. கணக்கிலும் 10 இலட்சம் வைத்துள்ளார். ஆண்டு வட்டி 7 விழுக்காடு எனின், ஒவ்வொன்றிலும் 70,000 ரூபாய் கிடைக்கும்.

அவர் அயல்நாட்டில் வசிக்கும்வரை என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அயல்நாட்டு நாணயத்திலேயே இடப்படும் எப்.சி.என்.ஆர். வைப்பின் வட்டிக்கும் இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியோ வரிக்குட்பட்டது. வங்கி 30 விழுக்காடு வரியும் அதன்மீது 4 விழுக்காடு மேல்வரியும் சேர்த்து 21,840 ரூபாயைப் பிடித்துக்கொள்ளும். ஐக்கிய அரபு அமீரகத்துடன் உள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி அந்நாட்டு வரி வதிவிடச் சான்றிதழை உரிய படிவத்துடன் முன்னரே அளித்தால் பிடித்தம் 12.5 விழுக்காடாக, அதாவது 8,750 ரூபாயாகக் குறையும். சிங்கப்பூரில் வசிப்போர்க்கு இது 15 விழுக்காடு.

பிடித்தம் இறுதி வரி அன்று. அவருடைய இந்திய வருமானம் முழுவதும் அடிப்படை விலக்கு வரம்பிற்குள் அடங்குமானால், கணக்கறிக்கை தாக்கல் செய்து பிடித்த தொகையைத் திரும்பப் பெறலாம். அறிக்கை தராதவர் அத்தொகையை இழக்கிறார்.

இனி, பெரும்பாலோர் தவறும் இடத்துக்கு வருவோம். பணியை முடித்து, ஊரிலேயே தங்கும் எண்ணத்துடன் ஒருவர் திரும்பிவிட்டால், 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அவர் இந்தியாவில் வசிப்பவர் ஆகிறார். என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். அதுமுதல் அதன் வட்டிக்கு வரி உண்டு. வங்கிக்குத் தெரிவிக்காவிடில் கணக்கு பழைய பெயரிலேயே நீடிக்கும், பிடித்தமும் இராது. ஆயினும் வரிக் கடன் வளர்ந்துகொண்டே இருக்கும். பின்னொரு நாள் அறிவிப்பு வரும்போது வரியோடு வட்டியும் தண்டமும் சேர்ந்து, முதியோரின் மருத்துவத்துக்கென்று சேமித்ததே கரையும்.

திரும்பியவர்க்குச் சட்டம் ஒரு சலுகையும் தருகிறது. முந்திய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வசிக்காதவராய் இருந்தவரும், முந்திய 7 ஆண்டுகளில் 729 நாட்களுக்கு மிகாமல் இந்தியாவில் தங்கியவரும் ‘வழக்கமாக வசிப்பவர் அல்லாதவர்’ எனப்படுவர். அந்நிலை நீடிக்கும்வரை எப்.சி.என்.ஆர். வட்டிக்கும், அயல்நாட்டு வங்கியில் அங்கேயே பெறும் வட்டிக்கும் இங்கு வரி இல்லை. அந்நிலை நீங்கியபின், துபாய்க் கணக்கில் கிடக்கும் பணத்தின் வட்டிக்கும் இங்கு வரி உண்டு. பணத்தை இங்குக் கொண்டுவராவிடினும் உண்டு. அக்கணக்கை அறிக்கையில் காட்டவும் வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்படலாம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 இலட்சத்துக்கு மிகாதவர்க்கு இத்தண்டத்திலிருந்து விலக்கு உண்டு.

1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. பிரிவு எண்கள் மாறினும் மேற்கூறிய அடிப்படைகள் மாறவில்லை.

சுருங்கக் கூறின், வட்டியின் வரியைக் கணக்கின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. கணக்குக்குரியவர் வசிக்கும் இடமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஆகவே, மகன் ஊர் திரும்பியதும் அவருடைய கடவுச்சீட்டையும் கணக்கேட்டையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குச் செல்லுங்கள். எத்தனை நாட்கள் எங்கே தங்கினார் என்பதைக் குறித்து, தணிக்கையாளரிடம் காட்டுங்கள். அரசின் விதியை மீறுவதைக் கள்ளாமை அணுவிரதத்தின் குற்றங்களுள் ஒன்றாக நம் முன்னோர் எண்ணினர். செலுத்த வேண்டியதைச் செலுத்துவோம். திரும்பப் பெற வேண்டியதை விடாது பெறுவோம்.