காய்ச்சலின் நாட்களைக் கணக்கிடுவோம்



ஹெவ்லொக் டவுனில் மழை பெய்து ஓய்ந்த சில வாரங்களில் எமது வகுப்பறைகளில் வெற்றுக் கதிரைகள் கூடிவிடும். காரணம் கேட்டால் “காய்ச்சல்” என்ற ஒரே விடைதான் வரும். உயிரியல் பிரிவில் கற்கும் எனக்கு அந்த ஒரு சொல் போதாது என்று தோன்றியதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

காய்ச்சல் என்பது நோயன்று, நோயின் அறிகுறியாகும். திடீரெனத் தொடங்கி, உடல் வெப்பநிலை 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் உயர்ந்து, பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் முடியும் காய்ச்சலையே குறுங்காலக் காய்ச்சல் என்பர். முதலிரு நாட்களில் இவற்றுட் பல ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே வைத்தியர் முதலில் கேட்பது “இன்று எத்தனையாம் நாள்?” என்பதே. பின்னர் ஏனைய தடயங்களைத் தேடுவார். இருமலும் தடிமனும் இருந்தால் சுவாசத் தொற்றை நினைப்பார். வயலிலோ வெள்ளநீரிலோ இறங்கியவருக்குக் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிப்பார். நாளுக்கு நாள் ஏறிச்செல்லும் காய்ச்சல் நெருப்புக்காய்ச்சலாக இருக்கலாம். 1934–35 இல் இந்நாட்டில் சுமார் 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியா இங்கு ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தது. ஆயினும் வெளிநாடு சென்று வந்தவரிடம் அதையும் தேடவேண்டும்.

கொழும்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது டெங்கு. 2017 இல் மாத்திரம் இலங்கையில் 186,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடும் தலைவலி, கண்ணின் பின்புற நோவு, மூட்டுநோவு, முகச்சிவப்பு என்பன இதன் அடையாளங்கள். மூன்றாம் நாளில் குருதிப் பரிசோதனை செய்வது அவசியம். குருதிச் சிறுதட்டுக்கள் 100,000 இற்குக் கீழே இறங்கினால் வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டும்.

நாம் முக்கியமாக விளங்கவேண்டியது இதுதான்: டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கும் நேரமன்று, அது இறங்கும் நேரமே. அப்போது சிலருக்குக் குருதிக் குழாய்களிலிருந்து திரவவிழையம் கசியத் தொடங்கும். இக்கசிவு 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை நீடிக்கும். “காய்ச்சல் விட்டுவிட்டது, பரீட்சைக்குப் போகலாம்” என்று எழுந்திருப்பது இந்த நேரத்தில்தான்! வயிற்றுநோவு, தொடர் வாந்தி, குருதிக்கசிவு, கைகால் குளிர்தல், அளவுக்கு மீறிய சோர்வு, ஆறு மணித்தியாலம் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே போதும். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினெக் என்பன குருதிக்கசிவை அதிகரிக்கலாம். இளநீர், கஞ்சி, ஜீவனி கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்கவேண்டும். வாந்தியில் வருவது குருதியா, பானமா என்று பிரித்தறிய முடியாமற் போகும்.

வெள்ளவத்தைக் கால்வாயின் அழுக்குநீரையே பலர் குறைகூறுவர். ஆனால் டெங்கு நுளம்பு பெருகுவது பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரிலாகும். வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது எம்மாலும் முடியும்.

வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால் அன்றே நாட்காட்டியில் முதல் நாளைக் குறித்துவிடுங்கள். வைத்தியருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி அதுவே. வல்ல அல்லாஹ் எம் அனைவருக்கும் ஆரோக்கியத்தை அருள்வானாக. ஆமீன்.